உன் அக்காவுக்கு நான் எழுதிய பதில்

அன்புள்ள துரை,

"அக்கா கேட்டதுக்கு நீ என்னம்மா பதில் எழுதுன?" என்று நீ என்னைக் கேட்டாய். நான்கு வருஷம் ஆகிறது. தாராவி வீட்டில், அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நாம் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவளுடைய சேலை ஒன்றை மடிக்கத் தெரியாமல் மடித்தபடி, தலையைத் தூக்காமல் நீ கேட்டாய். "எழுதுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சே மக்கா" என்று சொன்னேன். நீ நம்பினாய். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்லும் பொய்யைக் கண்டுபிடித்துக் காதைத் திருகியவள் நான். அன்று நான் சொன்ன பொய்யைக் கண்டுபிடிக்க அங்கே யாரும் இல்லை. பதில் எழுதினேன், துரை. அது அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் அதைப் படித்து, அதில் சொன்னபடி நடந்தாள்.

இத்தனை நாள் சொல்லாததை இப்போது சொல்வதற்குக் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன ஒரு வார்த்தை. இப்போதைய செம்பூர் வீட்டில் அப்பா, நீ வெளிநாட்டு வேலைக்குக் கொண்டுபோகும் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலை எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டிருந்தார். "அங்க போய் தண்ணிக்கு என்னல செய்வ?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "தாராவித் தண்ணி குடிச்சு வளந்த வயிறும்மா இது. இரும்பப் போட்டாலும் கரைச்சிரும்" என்றாய். அப்பாவும் சிரித்தார், பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு ஊறுகாய் பாட்டிலின் மூடியை மறுபடி திருகினார். நீ கவனிக்கவில்லை. உன் அக்கா பொன்மணி சஹார் ஏர்போர்ட்டில் வைத்து என்னிடம் இதே வார்த்தையைத்தான் சொன்னாள். இரும்பு என்று சொல்லவில்லை, கல் என்று சொன்னாள். அவ்வளவுதான் வித்தியாசம். அன்று நீ அதைச் சொன்ன பிறகு உனக்குச் சோறு போட்டதும் நீ தாணே ரயிலுக்குக் கிளம்பிப் போனதும் எனக்குச் சரியாக நினைவில் இல்லை.

நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் தாணேயில் நீ தங்கியிருக்கும் ரூமுக்கு எழுதுகிறேன். நீ இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பெரிய எழுத்தாக, இடம் விட்டு எழுதியிருக்கிறேன். புரியாத வரியை வாய்விட்டுப் படி, புரிந்துவிடும். உன்னோடு கிளம்புகிற மற்ற இரண்டு பேரும் தமிழ் ஆட்கள் என்றாயே, அவர்களுக்கும் படித்துக் காட்டு. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. மறைத்தது போதும்.

முதலில் உன் வயிற்றைப் பற்றிய பெருமையைப் பேசிவிடுவோம். தாராவித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு எந்த ஊர்த் தண்ணீரும் ஒன்றும் செய்யாது என்று நம் ஆட்கள் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்கு அதைச் சொல்ல உரிமையே கிடையாது, ஏனென்றால் வகுப்பு வருகைப் பதிவேடு என் கையில் இருந்தது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அதில் ஒன்றிரண்டு பெயர்களைச் சிவப்பு மையால் அடிப்பேன். ஊருக்குப் போய்விட்ட பிள்ளைகள் சில. வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் போய்விட்ட பிள்ளைகள் சில. அடித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவேன். தாராவித் தண்ணீர் எங்களை ஒன்றும் செய்யவில்லை என்று பேசுகிறவர்கள், அது ஒன்றும் செய்யாமல் விட்டவர்கள் மட்டும்தான். மற்றவர்கள் பேசுவதற்கு இல்லை. வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருந்த எனக்கே இந்தச் சின்னக் கணக்கு என் வீட்டில் ஒரு பெயரை அடிக்கும் வரை புரியவில்லை.

இனி, வேண்டாம் என்று சொல்லும் விஷயம். நம் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும், அவர்கள் தண்ணீர் கொடுத்தால் ஒரு வாயாவது குடிக்க வேண்டும். உனக்கு இது மூச்சு விடுவது போலப் பழக்கமாகிவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டதில்லை. அக்கா கேட்டிருக்கிறாள், அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பொன்மணி ஆறு மாசக் குழந்தையாக இருந்தபோது, என்னோடு வேலை பார்த்த டீச்சர்கள் நாலு பேர் அவளைப் பார்க்கத் தாராவிக்கு வந்தார்கள். எங்கள் சால் வரிசை வீடுகளில் பதினாறு குடும்பங்களுக்கு ஒரே குழாய். விடிவதற்கு முன்னால் ஹண்டாக் குடத்தை வரிசையில் போட்டு, சண்டை பிடித்து, இடுப்பில் சுமந்து கொண்டுவந்த தண்ணீர். அன்று டீச்சர்கள் வருகிறார்கள் என்பதற்காகவே எவர்சில்வர் டம்ளர்களைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். மூன்று பேர் குடித்தார்கள். மாட்டுங்காவிலிருந்து வந்த கமலா டீச்சர் டம்ளரைக் கையில் வாங்கினார், சற்று நேரம் வைத்திருந்தார், பிறகு தையல் மெஷின் மேல் மெதுவாக வைத்துவிட்டு, குழந்தைக்கு யார் ஜாடை என்று பேச ஆரம்பித்துவிட்டார். போகும்வரை அந்த டம்ளர் பக்கம் அவர் திரும்பவில்லை. எங்கள் சாதிக் கையால் தண்ணீர் வாங்காதவர்களை ஊரில் பார்த்துவிட்டுத்தான் நானும் அப்பாவும் இந்த ஊருக்கு ரயில் ஏறினோம். இங்கே, என் சம்பளத்தில் வாங்கிய டம்ளரில், என்னோடு ஒரே ரூமில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிற ஒருத்தி அதையே செய்தாள் என்று எனக்குப் பட்டது. அவர்கள் போன பிறகு அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்ற மனசு வரவில்லை. நானே குடித்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன், என் பிள்ளைகள் யார் வீட்டிலும் ஒரு டம்ளரை அப்படி வைத்துவிட்டு எழுந்து வரக் கூடாது என்று.

அந்த முடிவை உங்களுக்கு எப்படிப் பழக்கினேன் என்பதற்கு ஓர் உதாரணம், உனக்கே மனப்பாடமான கதை. அக்காவுக்கு ஆறு வயது, உனக்கு மூன்று. அடுத்த வீட்டு மைமூன் அக்கா கொடுத்த தண்ணீரில் எறும்பு மிதந்தது என்று குடிக்காமல் ஓடி வந்துவிட்டாள். நான் அவள் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மைமூன் அக்கா வாசலில் நிறுத்தினேன்.

"ஏட்டி, குடி. குடிச்சிட்டு, நல்லா இருந்துச்சு பெரியம்மான்னு சொல்லு."

"ஏன் டீச்சர் பிள்ளையப் போட்டு இப்படிப் படுத்துதிய? எறும்பு கிடந்தா நானே குடிக்க மாட்டேன். உங்க மகளுக்குக் கண்ணு தெரியுது, எனக்குத்தான் தெரியல."

"நீங்க சும்மா இருங்கக்கா. குடிட்டி."

குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சு பெரியம்மா. எறும்பும் நல்லா இருந்துச்சு" என்றாள். மைமூன் அக்கா சிரித்த சிரிப்பில் சாலில் இருந்த எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நாம் எத்தனை முறை சிரித்திருப்போம். பொன்மணியே நடித்துக் காட்டுவாள். இப்போது நினைத்தால், அந்தப் பிள்ளைக்கு இருந்த நல்ல புத்தியை அன்றைக்கு நான் காதைத் திருகிப் பிடுங்கி எடுத்தேன் என்று மட்டும்தான் தோன்றுகிறது. பார்த்துக் குடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது, துரை.

அக்கா நைஜீரியாவுக்குக் கணக்கு டீச்சராகப் போன பிறகு, மாதம் ஒரு நீல ஏரோகிராம் கடிதம் வரும். நான்தான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவேன். முதல் சில மாதம் அவள் வெகு கவனமாக இருந்தாள். குவார்ட்டர்ஸில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் தண்ணீர் காய்ச்சி இரண்டு பாட்டிலில் வைத்துக்கொள்வாளாம். பிள்ளைகள் வீட்டுக்குக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பிப்பாளாம். "எத்தனை நாளைக்கும்மா வயித்தால போகுதுன்னு சொல்ல? ஊரே எனக்குக் கை மருந்து சொல்ல ஆரம்பிச்சிட்டு" என்று எழுதியிருந்தாள். அதை வாசித்துவிட்டு நாம் சிரித்தோம். அதே கடிதத்தில் கீழே இது இருந்தது. இப்போதும் பெட்டியில் இருக்கிறது, அவள் எழுத்திலேயே தருகிறேன்:

"அம்மா, இங்க விருந்தாளி வந்தா மொதல்ல தண்ணிதான். என் கிளாஸ் பிள்ளை ஒருத்தி ரெண்டு மைல் நடந்து ஓடையில எடுத்துட்டு வந்த தண்ணி. சுரைக்குடுக்கையில மோந்து, என் முன்னால முழங்கால் போட்டு, ரெண்டு கையாலயும் நீட்டுதா. அவ அம்மா பின்னால நின்னு என் வாயவே பாத்துக்கிட்டு இருக்கா. நான் வயிறு சரியில்லன்னு சொன்னேன். அந்த அம்மா முகம் சின்னதாப் போச்சு. தையல் மெஷின் கதை சொல்லும்போது உன் முகம் போகுமே, அதே மாதிரி. எப்படிம்மா வேண்டாம்னு சொல்லுதது?"

இதுதான் அவள் கேட்டது. நான் பதிலைப் பள்ளிக்கூடத்தில், மதிய இடைவேளையில் எழுதினேன். முதலில் ஒரு நோட்டுத் தாளில் எழுதிப் பார்த்து, பிறகு ஏரோகிராமில் நகல் எடுத்தேன். அதில் நான் எழுதியது எனக்கு ஒரு எழுத்து பிசகாமல் ஞாபகம் இருக்கிறது: "ஒரு வாய் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. நீ தாராவித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். முழங்காலிட்டு நீட்டிய கையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வராதே." கடைசி வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கு மகிழ்ச்சி. பக்கத்தில் இருந்த டீச்சரிடம் வாசித்துக்கூடக் காட்டினேன். சாயந்தரம் அப்பா வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் அவரிடம் கொடுத்தேன். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

அதன் பிறகு அவளிடமிருந்து ஒரு கடிதம்தான் வந்தது. அதில் தண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லை. பிள்ளைகள் பரீட்சையில் வாங்கிய மார்க்கைப் பற்றியும், அந்த ஊர்ச் சந்தையில் வெண்டைக்காய் கிடைப்பதைப் பற்றியும் எழுதியிருந்தாள். பிறகு தந்தி வந்தது. அது வந்த நாளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவனே நீதான்.

ஆறு மாதம் கழித்து, அவளோடு ஒரே குவார்ட்டர்ஸில் இருந்த சூசம்மா டீச்சர் லீவில் கோட்டயம் போகிற வழியில் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். நீ அப்போது வேலைக்குப் போயிருந்தாய். நானும் அப்பாவும்தான் இருந்தோம். பத்து நாள் காய்ச்சல் என்றார். மலேரியா என்று நினைத்து எல்லாரும் சாப்பிடுகிற மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறாள். டைபாய்டு என்று தெரிந்தபோது குடல் ஓட்டையாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேரம் ஜீப்பில் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். அவள் வகுப்புப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் மண்ணில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்களாம், எழுந்து போகச் சொல்லியும் போகவில்லையாம். அந்த ஊரார் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. அவர்கள் குடிப்பதைத்தான் கொடுத்தார்கள். அவர்கள் பிள்ளைகளிலும் இரண்டு பேருக்கு அதே சமயம் காய்ச்சல் இருந்ததாம்.

பிறகு சூசம்மா எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்று சொன்னார். "அம்மே, மொதல்ல அவள் யார் வீட்டிலயும் ஒரு துளி குடிக்காது. பின்னே உங்க லெட்டர் வந்தது. அன்னிக்கு அவளுக்கு எந்தா சந்தோஷம்! எங்க அம்மை பெர்மிஷன் தந்தாச்சுன்னு சொல்லி, அந்தப் பிள்ளையோட வீட்டுக்கு நடந்தே போனாள். அதுக்கப்புறம் எல்லா வீட்டிலயும் குடிச்சாள். எல்லாருக்கும் அவள்னா உயிரு."

நான் அவருக்குச் சாயா போட்டுக் கொடுத்தேன். ஸ்டேஷன் வரை போய் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி, "எழுதுனது நீ. போட்டது நான்லா" என்றார். அதோடு சரி. இந்த நான்கு வருஷத்தில் அதைப் பற்றி அவர் வேறு ஒரு வார்த்தையும் பேசியதில்லை. நீ அன்று மாலை வந்து பெட்டியைத் திறந்தாய், அந்தக் கேள்வியைக் கேட்டாய். நான் பொய் சொன்னபோது அப்பா என்னைப் பார்த்தார்.

எந்த வீட்டுத் தண்ணீரில் வந்தது, தண்ணீரில்தான் வந்ததா, சந்தையில் எதையாவது தின்று வந்ததா, யாருக்கும் தெரியாது. தெரியாது என்று எனக்கு எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நானும் எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அது ஒன்றும் பிரயோஜனப்படவில்லை. குடிக்காமல் இருந்த பிள்ளையைக் குடி என்று சொன்னது நான். அது மட்டும் தெரியும்.

இதற்கு மேலும் ஒன்று நடந்தது. அதற்கு அடுத்த வருஷம் மாட்டுங்கா மார்க்கெட்டில் கமலா டீச்சரைப் பார்த்தேன். தலை முழுதும் நரைத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு பொன்மணிக்காக அழுதார். நான் கேட்டே விட்டேன், அன்றைக்கு என் வீட்டில் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தத் தண்ணி டீச்சர்? நான் உங்காத்துக்கு வந்திருக்கேனா?" என்றார். தையல் மெஷினைச் சொன்னேன், குழந்தையைச் சொன்னேன். யோசித்து யோசித்துப் பார்த்தார். பிறகு பயந்தவர் போல, "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா அன்னிக்கு?" என்றார். "ஒண்ணுமே சொல்லல டீச்சர்" என்றேன். சாதிக்காகக் குடிக்கவில்லையா, அவருக்கு அப்போது உடம்பு சரியில்லையா, தாராவிக் குழாயைப் பார்த்துப் பயந்தாரா, சும்மா தாகம் இல்லையா, இனி ஒரு நாளும் எனக்குத் தெரியப்போவதில்லை. அவருக்கு ஞாபகமே இல்லாத ஒரு டம்ளரை வைத்து இருபத்தாறு வருஷம் நான் ஒரு சட்டம் நடத்தியிருக்கிறேன்.

சரி. உனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். மாவு மில் மெஷினைப் பொருத்தி ஓட்டிக் காட்டுகிற வேலை என்றாய். பத்து நாளைக்கு ஓர் ஊர், ஒவ்வோர் ஊரிலும் யார் வீட்டிலாவது தங்க வேண்டும் என்றாய். அப்படியானால் நல்ல தண்ணீரைத் தேடுவதை உன் வேலையில் ஒரு பகுதி என்று வைத்துக்கொள். போய் இறங்கியதும், மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார். ஆனால் இந்த ஊரில் தண்ணீர் நல்லதா என்று யாரிடமும் கேட்காதே. யாரும் தன் ஊர்த் தண்ணீரை மட்டமாகச் சொல்ல மாட்டார்கள், நாம் சொன்னோமா? ஆஸ்பத்திரி நர்ஸிடமோ, கைக்குழந்தை வைத்திருக்கும் தாயிடமோ கேள். "பிள்ளைக்கு எந்தத் தண்ணீர் கொடுக்கிறீர்கள், அதை என்ன செய்து கொடுக்கிறீர்கள்?" என்று கேள். பெருமைக்குப் பதில் சொல்கிறவர்கள்கூடப் பிள்ளை விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பதை நீயும் குடி.

தெளிவாக இருக்கிறது என்று எதையும் நம்பாதே. வகுப்பில் நான் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, ஒன்றில் மட்டும் உப்பைக் கரைத்துவிட்டு, எதில் உப்பு என்று பார்த்துச் சொல்லுங்கள் என்பேன். ஒரு பிள்ளையாலும் சொல்ல முடியாது. கெட்டதும் அப்படித்தான் கரைந்து கிடக்கும், அதற்கு உப்பு போல ருசியும் இல்லை. குழாய் வாயில் துணி கட்டிவிட்டால் சுத்தம் என்பது நம் சாலில் எல்லாரும் செய்த தவறு. துணி மண்ணைப் பிடிக்கும், நோயைப் பிடிக்காது. கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டு, அதோடு விடாமல் காய்ச்சு. குமிழி அடியிலிருந்து புரண்டு வரத் தொடங்கிய பிறகு பத்து நிமிஷம். கடிகாரம் இல்லாவிட்டால் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து பதினாறாம் வாய்ப்பாடு வரை நிதானமாக இரண்டு தரம் சொல். அதை மூடியே வை, கையை விட்டு மோக்காதே, சாய்த்து ஊற்று. பல் தேய்க்கவும் அதே தண்ணீர்தான். ஐஸ் என்பதும் தண்ணீர்தான், குளிர்ந்துவிட்டதால் அது நல்லதாகிவிடாது. பாட்டில் வாங்கினால் மூடியை உன் கண் முன்னால் திறக்க வேண்டும். இளநீர் கிடைத்தால் உன் முன்னால் சீவ வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுவிட்டேன், வேலை முடிந்தது என்று இருக்காதே. டைபாய்டுக்கும் ஊசி இருக்கிறது, டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள். போட்டுக்கொண்டாலும் தண்ணீரைக் காய்ச்சு. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, வாய்க்கு வாய் குடித்துக்கொண்டே இரு. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் நீயாக எந்தப் பெயரும் வைக்காதே, டாக்டரிடம் போ. வேலை பாதியில் நின்றால் நிற்கட்டும். மெஷின் காத்திருக்கும்.

இதெல்லாம் தெரிந்துகொள்வது சுலபம். உனக்கு மட்டும் இல்லை, அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. கஷ்டமானது அந்த நீட்டிய கைதான். உனக்கும் நீட்டுவார்கள். உன்னை எதிர்பார்த்துத் தூரத்திலிருந்து சுமந்து கொண்டுவந்திருப்பார்கள். மறுத்தால் அவர்கள் மனசு ஆறிவிடும், கவலைப்படாதே என்று உனக்கு நான் எழுத முடியாது. எனக்கு இருபத்தாறு வருஷம் ஆறவில்லை. ஆனால் கமலா டீச்சர் அன்று டம்ளரை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாரே, அதற்குப் பதிலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் போதுமாக இருந்திருக்கும். "இன்னிக்கு வேண்டாம் டீச்சர், உடம்புக்கு ஆகாது, டீ இருந்தாக் குடுங்க" என்று சொல்லியிருந்தால் ஓடிப்போய் ஸ்டவ்வைப் பற்ற வைத்திருப்பேன். அதனால் நீ பேசு. எழுந்து நில். இரண்டு கையாலும் வாங்கு. நன்றி சொல். பிறகு அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "என் அக்கா இப்படி ஒரு ஊரில் காய்ச்சல் வந்து இறந்துவிட்டாள். பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று என் அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். கொதிக்க வைத்துத் தந்தால் குடிக்கிறேன்" என்று சொல். பாஷை தெரியாவிட்டால் வேலைக்கு வந்தவர்களில் தெரிந்த ஒருவரைச் சொல்லச் சொல். பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும் அதற்குமேல் வற்புறுத்த மாட்டாள். பழியை என் பேரில் போடு. உன் அம்மா ஒரு மாதிரியானவள் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஆயிரம் வீட்டில் நினைத்துக்கொள்ளட்டும்.

நீ ரொம்ப மென்மையானவன். கடைசி நிமிஷத்தில் ஒரு முகம் வாடுவதைப் பார்த்தால் நீயும் குடித்துவிடுவாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னை அப்படி வளர்த்தது நான்தான். வேண்டாம் என்ற சொல்லை இந்த வயதில் இங்கிருந்தே பழகிக்கொண்டு போக வேண்டும். வாடுகிற முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிப் பழக வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ செம்பூருக்கு வருவாய். ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்து வந்திருப்பாய், தாகமாக இருக்கும். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் உன்னிடம் நீட்டுவேன். என் முகத்தைப் பார்த்து, "வேண்டாம்மா" என்று சொல்லிப் பார்.